அல்மாட்டிக்குப் போன படங்கு

மடுல்கெல்ல,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் திலக்ஷனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் தங்கச்சியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க முருகனை நினைத்துக்கொள்கிறேன். வழக்கம்போல வாய் என்னுடையது, கை லோஜினியுடையது. கடிதம் தன்னைப் பற்றியது என்று தெரிந்ததும் எழுதமாட்டேன் என்று அடம்பிடித்தாள். எனக்கு எழுத்துத் தெரிந்தால் உன்னை ஏன்டி கெஞ்சப் போகிறேன் என்று கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தாள். நீ போன் எடுக்காமலே தீபாவளியும் போய்விட்டது. உன்னோடு வேலை செய்கிற கம்பளை ஹபீல் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறான், உனக்குக் கொண்டுவரச் சாமான் வாங்க நேற்று வீடு தேடி வந்தான். ஊறுகாய், மிளகாய்த்தூள், கொஞ்சம் தொதல் கொடுத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தை லோஜினி கண்டி பஸ் ஸ்டாண்டில் வைத்து அவனிடம் கொடுப்பாள். போன மாத மழையில் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் சரிந்து குழாயடிக்குப் போகிற பாதை அடைபட்டுவிட்டது, இப்போது சுற்றிக்கொண்டு போகிறோம். என் முழங்கால் அப்படியேதான், ஆனால் கொழுந்து எடுக்க மலைக்குப் போகாமல் இல்லை.

நீ கடைசியாகப் பேசின அன்று, என்ன கோலம் அது, காம்ப்ல அத்தன பேரும் போட்டோவ பாத்துச் சிரிக்கிறானுக, வெக்கமா இல்லையா அவளுக்கு என்று கத்திவிட்டு வைத்தாய். அவளுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. எனக்கு அதற்கும் மேலே. நடந்ததை முழுதாகக் கேள், கேட்டுவிட்டு யாரைத் திட்ட வேண்டுமோ அவர்களைத் திட்டு.

இவள் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற பல்லேகல தேயிலைக் கம்பெனியில் இந்த வருடம் வேலை சுருங்கி, கிழமையில் பாதி நாள் வீட்டில் இருக்கிற நிலைமை வந்துவிட்டது. வழக்கமாக வாங்குகிற நாட்டுக்காரர்கள் வாங்குவதைக் குறைத்துவிட்டார்களாம். அதனால் கண்டிப் பக்கத்துச் சின்ன ஏற்றுமதிக்காரர்கள் சிலர் வர்த்தகத் தூதுக்குழு என்று ஒன்றாகச் சேர்ந்து, புதிதாக வாங்குகிறவர்களைத் தேடிக் கசகஸ்தான் நாட்டில் அல்மாட்டி என்ற ஊருக்குப் போக ஏற்பாடு செய்தார்கள். அங்கேயும் ஆட்கள் பால் ஊற்றித்தான் தேத்தண்ணி குடிப்பார்களாம். கம்பெனி முதலாளி தாஸிம் இவளைக் கூட்டிப் போகிறேன் என்றதும் நான் பயந்துதான் போனேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கடையில் மீதிக் காசு கேட்கவே கூச்சப்படுகிறவள், வெளிநாட்டில் போய் இவள் என்ன பேசப் போகிறாள். முதலாளி அதற்கு என்னைப் பார்த்து, பேசத் தேவையில்ல தங்கச்சி, நிண்டா போதும், எண்ட பொஞ்சாதியும் வாரா, எண்ட மகள் மாதிரிப் பாத்துக்கொள்ளுவம் என்றார். நானும் சரி என்று விட்டேன். எதற்காக நிற்க வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

போவதற்கு முந்தின நாள் இவள் ஒரு பையோடு வந்து அழுதாள். உள்ளே ஒரு சிவப்புச் சேலை, கண்டியில் வெள்ளைக்காரர்களுக்கு விற்கிற ஒரு குட்டிக் கூடை. அதை முதுகில் மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கிறவள் மாதிரி ஸ்டாலில் நிற்க வேண்டுமாம். மகனே, அந்த இடத்தில் நான் கோபப்பட்டிருக்க வேண்டியது அந்த வேலைக்கு. நான் கோபப்பட்டது கூடைக்கு. இதுல ஒரு கை கொழுந்து புடிக்குமா, ஸ்கூல் பேக் மாதிரித் தோளுல மாட்டுனா பாக்குறவன் சிரிக்க மாட்டானா என்று சொல்லி, தலையில் மாட்டுகிற கயிறு போட்ட என் பழைய கூடையை எடுத்துக் கொடுத்தேன். தலைத்துண்டையும் கொடுத்தேன். தினமும் மலையில் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற என் படங்கையும் கொடுத்தேன், அந்தச் சாக்கின் கறை எத்தனை துவைத்தாலும் போகாது என்பது உனக்குத் தெரியும். முழங்கால் மறைய எப்படி இழுத்துக் கட்ட வேண்டும், கயிறு நெற்றிக்கு எவ்வளவு மேலே இருக்க வேண்டும் என்று இந்த அறைக்குள்ளேயே அவளை நடக்க விட்டுக் காட்டினேன். கயிறு நழுவி அவள் மூக்கில் வந்து நின்றபோது இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்ததை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது. உங்கள் இரண்டு பேர் தலையிலும் அந்தக் கயிறு ஏறக் கூடாது என்று உன் அப்பா சாகும்போது சொன்னார். நானே ஏற்றி, சரியாக இருக்கிறதா என்றும் பார்த்து அனுப்பினேன்.

அங்கே ஒரு பெரிய மண்டபமாம். இவளுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, உங்கள் தேநீரை இந்தக் கைகள்தான் பறித்தன என்று இங்கிலீஷில் எழுதி. வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள், அதில் ஒன்றைத்தான் நீ பார்த்தாய். இரண்டாம் நாள் ஒரு பெரிய மனுஷி, அந்த ஊரில் பல தேயிலைக் கடைகள் வைத்திருக்கிறவராம், மொழிபெயர்க்கிற பெண்ணோடு வந்து தேத்தண்ணியைக் குடித்துப் பார்த்து நல்லது என்று சொல்லியிருக்கிறார். பிறகு இவள் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு காலமாக இந்த வேலை என்று கேட்டிருக்கிறார். அனுபவத்தைக் காட்டுகிறேன் என்று முதலாளி பத்து வருஷம் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா இவளுடைய வயதைக் கேட்க, அதையும் உள்ளபடி பதினெட்டு என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே கணக்கு விளங்கியது. அந்த அம்மா சுடுகிற பாத்திரத்தைத் தொட்டதுபோல இவள் கையை விட்டுவிட்டாராம். எட்டு வயதிலிருந்தா என்று இவளைப் பார்த்தே கேட்டிருக்கிறார்.

இந்த இடத்தில் லோஜினி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதடி, இதையும் எழுது என்று சொல்லியிருக்கிறேன். ஆமாம் என்றால் சின்னப் பிள்ளையை வேலை வாங்கிய பாவம் கம்பெனி மேல். இல்லை என்றால் பலகை பொய், நின்ற இவளும் பொய். சோறு போடுகிற முதலாளி பக்கத்திலேயே நிற்கிறார். இவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, நோ என்று சொல்லி, பெட்டியைக் காட்டி ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரிக் கையால் செய்து காட்டியிருக்கிறாள். பிறகு இடுப்பில் இருந்த படங்கைத் தொட்டு, மதர் என்றாளாம். அவ்வளவுதான் பேசியது. அந்த அம்மா படங்கைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், தாஸிமைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். அன்று சாப்பாட்டு மேசையில் கூட வந்த வியாபாரிகள், என்ன தாஸிம், பால் குடிக்கிற பிள்ளைகளும் உங்களுக்குக் கொழுந்து எடுக்குதா என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இவள் படங்கை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, மிச்ச நாளெல்லாம் திரைக்குப் பின்னால் கோப்பை கழுவிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

ஊருக்கு வந்தால் இங்கே வேறு. நம் லயத்தில் பக்கத்துக் காம்பிராவில் இருக்கிற ஜெயராணி குழாயடியில் எல்லாருக்கும் கேட்க, என்ன வேலாயி, ஒம் மவ பிளேன்ல போய்த்தான் கொழுந்து எடுக்கணுமா, இங்கன மலையெல்லாம் தீந்து போச்சா என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

போன கிழமை தாஸிம் முதலாளியே நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். கதிரையில் உட்கார்ந்து வெகு நேரம் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். எண்ட வாயாலதான் கெட்டது தங்கச்சி, பிள்ளையில ஒரு பிழையும் இல்ல என்றார். வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன், நிறுத்தவில்லை. அந்த அம்மா கடிதம் போட்டிருக்கிறாராம். இன்னும் கொஞ்சம் தேயிலை அனுப்பச் சொல்லி, அந்த மதர் எப்படி இருக்கிறார், அவர் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாராம். சித்திரை கழிந்து குழு மறுபடியும் போகும்போது என்னை வரச் சொல்கிறார். பலகை கிடையாது, பொய்யும் கிடையாது என்கிறார். படங்கு மலைக்குக் கட்டுகிறது, மண்டபத்துக்குக் கட்டமாட்டேன், வந்தால் என் சேலையோடு வருவேன், கேட்டால் உள்ளதைச் சொல்வேன் என்றேன். சரி என்று தலையாட்டினார். ஆனாலும் மகனைக் கேட்காமல் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். உன்னிடம் மறைப்பானேன், எனக்கு ஆசை வந்துவிட்டது. என் கையால் ஆய்ந்த கொழுந்து எங்கே போகிறது, யார் குடிக்கிறார்கள் என்று ஒரு தரம் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. மகளை நிறுத்திவைத்துப் பட்ட அவமானம் ஆறுவதற்குள் எனக்கு இப்படி ஒரு ஆசையா என்று நினைக்க வெட்கமாகவும் இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் போகமாட்டேன். ஆனால் வேண்டாம் என்பதையாவது வாயைத் திறந்து சொல்.

இன்னொன்று. ஹபீல் நேற்று வந்து லயத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். உம்மா, உங்களுக்குக் கண்டியில கடை எண்டுதானே திலக்ஷன் சொன்னான் என்று கேட்டான், நல்ல பிள்ளை, மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை. கடைய மூடியாச்சுத் தம்பி, வியாபாரம் சரியில்ல என்று சொல்லி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவன் அங்கே வந்து கேட்டால் நீயும் அப்படியே சொல், இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்லக் கூடாது.

வெயிலில் நின்றுவிட்டு வந்ததும் ஐஸ் தண்ணீர் குடிக்காதே, உனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஊறுகாய்ப் போத்தலில் ஈரக் கரண்டி போடாதே. தொதலை ஒளித்துவைக்காமல் அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. தங்கச்சியிடம் இரண்டு வார்த்தை பேசு, அவள் போன் மணி அடித்தால் இன்னும் ஓடிப்போய்த்தான் பார்க்கிறாள். இந்த வரியை எழுதமாட்டேன் என்றாள், எழுத வைத்திருக்கிறேன். நான் இங்கிருந்தே உன் நெற்றியில் திருநீறு பூசுகிறேன், கண்ணை மூடி வாங்கிக்கொள். நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் ராசா. கார்த்திகை விளக்கன்று மறக்காமல் போன் எடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
வேலாயி
இந்தக் கையெழுத்து மட்டும் நானே போட்டது.

அண்ணே, இதற்குக் கீழே உள்ளது என்னுடையது. அம்மா அடுப்படியில் இருக்கிறாள். அவள் சொன்ன ஒரு வரியை நான் மேலே எழுதவில்லை. எழுதிவிட்டேன் என்று பொய் சொன்னேன், வாசிக்கத் தெரியாதவள், நம்பிவிட்டாள். அது ஹபீல் அண்ணனைப் பற்றிச் சொன்ன பிறகு சொன்னது. தங்கச்சி வேஷம் போட்டது உனக்கு வெட்கமா, இல்லை அது என் வேஷம் என்பது வெட்கமா என்று கேட்டு எழுதச் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன், எழுதாமல் உறையை ஒட்டவும் மனம் வரவில்லை.

எனக்குப் பதில் வேண்டாம். நான் உன்னைக் குறை சொல்லவும் இல்லை. படங்கைத் தொட்டு மதர் என்று சொல்வதற்கு முன்னால் நானும் வெகு நேரம் தரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன், முதலாளிக்குப் பயந்து மட்டும் இல்லை, அது உனக்குப் புரியும். சொன்ன பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை அண்ணே. ஹபீல் அண்ணனிடம் மட்டுமாவது நீயும் ஒரு தரம் உள்ளதைச் சொல்லிப் பார். சொல்லிவிட்டு அம்மாவுக்குப் போன் எடு.

தங்கச்சி
லோஜினி