எல்லா வயலும் பச்சையான அன்று

இன்று காலை அலுவலகத்தில், நான் எழுதிய புரோகிராமில் ஒரே ஒரு மோட்டாரை நிறுத்திப் பார்த்தேன். திரையில் இருந்த அத்தனை மோட்டாரும் நின்றுவிட்டன. பக்கத்துச் சீட்டுக்காரர் பதறிப்போய், "என்னங்க இது, கரண்ட் போயிடுச்சா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சனியன், கண்ணும் கலங்கிவிட்டது.

உனக்குத் தெரியாததா? மன்னார்குடியில் படித்த கடைசி வருஷம், அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் உங்கள் ஊருக்காக முறைத் தண்ணீர் புரோகிராம் எழுதினோமே. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருஷம். வயல் வயலாக முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். வாய்க்கால் தலைப்பு ஷட்டரின் சாவி அந்த வருஷம் உன் அப்பாவிடம் வந்திருந்தது. கொடி பிடித்துப் போராடி நிலம் வாங்கிய உங்கள் தெருவில், அதுவரை யார் கைக்கும் வராத சாவி. கூத்தாநல்லூர்க் கடைத்தெருவில் வளர்ந்த எனக்கு வயலும் தெரியாது, வாய்க்காலும் தெரியாது. "வயல்னு ஒரு கிளாஸ் எழுதுடி, அச்சு மாதிரி, அதுலேர்ந்து ஒவ்வொரு வயலா உண்டாக்கிக்கலாம்" என்றாய். எழுதினேன்.

எதைக் கிளாஸில் வைப்பது, எதை ஒவ்வொரு வயலுக்குள்ளும் வைப்பது என்பதில்தான் எனக்குக் குழப்பம். "தலைப்பு ஷட்டர் எல்லா வயலுக்கும் பொது, அதைக் கிளாஸ்ல வை. மடை அவங்கவங்களுது, அதை வயலுக்குள்ள வை. இதுல என்னடி குழப்பம், லூசு?" என்பாய். தலையாட்டுவேன். மறுநாளே மறந்துவிடும். 'தண்ணீர் பாய்ந்தது' என்ற குறியை எங்கே வைப்பது என்று நாம் இருவருமே யோசிக்கவில்லை. அது கிளாஸிலேயே உட்கார்ந்துவிட்டது.

அவரவர் வயலில் பாய்ந்ததும் அவரவர் போனில் பதிய வேண்டும், பதிந்த வயல் திரையில் பச்சையாகும் என்று ஏற்பாடு. ஒரு நாள் முறை உங்கள் வயலில் தொடங்கியது. காலையில் பாய்ந்ததை நீ மத்தியானம்தான் பதிந்தாய். எல்லா வயலும் பச்சையாகிவிட்டது. மற்றவர்களும் பதிந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று, தலைப்பில் இருந்த அப்பாவுக்குப் போன் செய்து, "முடிஞ்சுதுப்பா, ஷட்டரை இறக்கிடுங்க" என்றாய்.

சாயங்காலம் நாம் போனபோது தலைப்பில் ஒரே கூட்டம். "தன் வயலுக்குப் பாய்ச்சிக்கிட்டு மூடிட்டான் பாரு. இந்தத் தெரு ஆளுங்களே இப்படித்தான்" என்று மேலத்தெருக்காரர் ஒருவர் கத்தினார். சாவியைப் பிடுங்கு என்றார்கள். உன் அப்பா அதை வேட்டி மடிப்பில் இறுக்கிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. நீ லேப்டாப்போடு நடுவில் போய் நின்றாய்.

"தப்பு எங்க அப்பா மேல இல்லீங்க. நாங்க எழுதினதுல. ஒரு வயலுக்கு வைக்க வேண்டியதை எல்லா வயலுக்கும் சேர்த்து வெச்சுட்டோம்."

"அதெப்படிம்மா, ஒருத்தருக்கு எழுதினா ஊருக்கே ஏறும்?" என்றார் கத்தியவர்.

"இப்ப எங்க தெருவுக்கே ஏத்தினீங்களே, அதே மாதிரிதாங்க."

உன் அப்பா ஷட்டரைத் தூக்கினார். பயிர் பிழைத்தது. ஆனாலும் அடுத்த வருஷம் சாவி வேறு தெருவுக்குப் போய்விட்டது. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. புரோகிராமில் ஒரு வரியை மாற்றினோம், சரியாகிவிட்டது. ஊர் ஏன் அப்படிச் சரியாகவில்லை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் உன்னைக் கேட்டேன்: "எதை உள்ளே வைக்கணும்னு எப்படிடி கண்டுபிடிக்கிறது?" சுண்டல் மென்றுகொண்டே சொன்னாய்: "ஒண்ணு செத்தா எல்லாம் சாகணுமான்னு கேட்டுப் பாரு. வேண்டாம்னா உள்ளே வை."

போன ஐப்பசியில் காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. செய்தி கேட்டு வந்தேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்து வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. பைத்தியம் பிடித்த மாதிரி கோபம் வந்தது எனக்கு. யார் மேல் என்று தெரியவில்லை.

இன்று நீ சொன்னபடி கேட்டுப் பார்த்துவிட்டு, 'நின்றது' என்ற குறியை மோட்டாருக்கு உள்ளே நகர்த்தினேன். மோட்டார்கள் ஓடத் தொடங்கின. நான் நிறுத்திய ஒன்று மட்டும் நின்றிருந்தது. "இப்ப சரியா இருக்குங்க" என்றார் பக்கத்துச் சீட்டுக்காரர். சரிதான். ஆனால் அது நிற்கும்போது மற்றதெல்லாம் எப்படி ஓடுகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லையடி.