மட்கார்டில் விழுந்த தூக்குச்சட்டி

போன வாரம் புளியங்குடியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தச் சீமைக் கார் வந்தது. அதே கறுப்பு, அதே முன் மட்கார்டு. பெண்கள் அதைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து நாலு வருஷம், எனக்கும் அறுபத்தெட்டு வயது. ஆனாலும் எரிந்தது.

எழுபத்தெட்டில், நமக்குக் கல்யாணமான மறுவருஷம், எலுமிச்சை வியாபாரி ஒருவர் அந்தக் காரைச் சங்கரன்கோவிலில் உங்கள் டிங்கர் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மட்கார்டு துருவேறிச் சல்லடையாகக் கிடந்தது. மாற்று எங்கும் கிடைக்கவில்லை. வெறும் தகட்டை மணல் மூட்டைமேல் போட்டு, மரச்சுத்தியால் தட்டித் தட்டி நீங்களே வளைத்தீர்கள். வேறு யாரையும் தொட விடவில்லை.

தட்டுவதுகூடப் பரவாயில்லை. நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவீர்களே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. கைக்கு அடியில் மெல்லிய துணி இருந்தால்தான் மேடு பள்ளம் தெரியுமாம். அதற்கு என் நூல் சேலையைக் கிழித்தீர்கள். "பழசுதானட்டி" என்றீர்கள். எனக்கு இருந்ததே மூன்று சேலை. அன்றிலிருந்து மட்கார்டு எனக்கு 'அவள்' ஆகிவிட்டது.

கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டிப்போவதாகச் சத்தியம் பண்ணியிருந்தீர்கள். பூ வைத்துக்கொண்டு மத்தியானம்வரை காத்திருந்தேன். பிறகு சோற்றுத் தூக்கோடு பட்டறைக்கு வந்தேன். மற்றவர்கள் தபசு பார்க்கப் போயிருக்க, நீங்கள் மட்டும் கண்ணை மூடித் தடவிக்கொண்டிருந்தீர்கள். தூக்கை அவள்மேல் ஓங்கி எறிந்தேன். தகடு நசுங்கிப் பள்ளம் விழுந்தது.

நீங்கள் அதட்டவில்லை. பள்ளத்தைப் பார்த்தீர்கள், என் தலையில் இருந்த பூவைப் பார்த்தீர்கள்.

"இன்னைக்கா தபசு?"

"அவளையே கட்டிக்கிட்டு இருங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"போகலாம். இங்கன வா, கையக் குடு."

துணியை என் கையில் சுற்றி, அதன்மேல் உங்கள் கையை வைத்து நகர்த்தினீர்கள். "மேடு எங்கன இருக்குன்னு சொல்லு." நான் வீட்டில் தறிக்கு நூல் சுற்றுகிறவள். சின்ன முடிச்சும் என் விரலுக்குத் தப்பாது. நான் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டினீர்கள். தபசு பார்த்த கூட்டம் வீடு திரும்பும் சத்தம் தெருவில் கேட்டது.

"இனி மேடு ஒண்ணுமில்லலா?" என்றீர்கள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றேன்.

அன்றைக்குச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். மேடு எதுவும் இல்லை. தகடு வழவழவென்று இருந்தது. முடிந்தது என்றால் கையை எடுத்துக்கொண்டு அவளைத் துடைக்கப் போய்விடுவீர்கள், அதற்காகச் சொன்ன பொய். உங்கள் கைக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் இருட்டும்வரை என்னோடு தேடினீர்கள். இல்லாத மேட்டை அவளுக்காக ஒருநாளும் நீங்கள் தேடியதில்லை.