மூவார் மீன் செய்தி

சிங்கப்பூர், 9.8.1965

ரொக்கையாவுக்கு ஸலாம்.

காலை வானொலியை நீயும் கேட்டிருப்பாய். மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்துவிட்டது என்றதும் எங்கள் பத்திரிகை ஆபீசில் எல்லோரும் ரேடியோவைச் சுற்றிக் கூடிவிட்டோம்.

பிற்பகல் வழக்கம்போல் செய்திகளை உள்நாட்டுப் பக்கம், வெளிநாட்டுப் பக்கம் என்று பிரித்தேன். நாகசாகியில் குண்டு விழுந்து இருபது வருடம், வியட்நாம் சண்டை, இரண்டும் வெளிநாடு. மூவாரில் மீன் வரத்துக் குறைவு, அது உள்நாடு. மேற்பார்வையாளர் யாசின் தாளை என் மேசையில் எறிந்தார்.

"யோவ், மூவார் மலேசியா! இனிமே வெளிநாடுய்யா! தூக்கி நாகசாகிக்குப் பக்கத்துல போடு. ரேடியோ கேக்கல நீ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே மாற்றினேன். மீனில்லாமல் நீ என்ன சமைத்தாயோ.

நம் பிள்ளை நூரைனியின் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் மூவாருக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போனாய். "எப்ப வர்றீங்க?" என்று மூன்று கடிதம் போட்டாய். மூன்றுக்கும் ஒரே பதில்தான் எழுதினேன்: "மூவார் என்ன வெளிநாடா? நினைச்சா பஸ் ஏறிட மாட்டேனா?"

அவளை அடக்கிய கபருக்குத் தண்ணீர் ஊற்றுகிறேனா என்றும் கேட்டிருந்தாய். அதற்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை.

இன்று வேலை விட்டு நேரே அங்கே போனேன். மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. எவ்வளவு ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருந்தது.

பிள்ளை உள்நாட்டில்தான் இருக்கிறாள், ரொக்கையா. அவள் அம்மாவைத்தான் என் கையாலேயே வெளிநாட்டுப் பக்கத்தில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்