பாயிண்ட்டைப் பார்க்காமல் வா

மணமேல்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சல்மானுக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். துபாயில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே நானும் உன் தங்கை ஷமீமாவும் இருக்கிறோம், நலம் என்று எழுத இன்னும் கை வரவில்லை. போன் போட்டால் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ரத்தினவேலிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார். அம்மா மவுத்தாகி நாற்பதாம் நாள் ஃபாத்திஹா போன வியாழக்கிழமை முடிந்தது, நீ வரவில்லை. வேலை அதிகம் என்றாயாம். மாதம் மூன்று ஊருக்குப் பறந்து மிஷின் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு வேலை அதிகம்தான், ஆனால் காரணம் அது இல்லை. அம்மா முகத்தைக்கூடப் பார்க்காதவன் இனி ஊருக்கு எதற்கு வரணும் என்று ஷமீமாவிடம் சொன்னாயாமே, அது என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த விமானக் கம்பெனிக்குப் பன்னிரண்டு வருஷம் விசுவாசமாக இருந்தாய். திருச்சிக்கு நேராக வேறு கம்பெனி பிளேன் இருந்தும், பறக்கிற தூரத்துக்கு இவர்கள் போடும் பாயிண்ட்டுக்காகச் சென்னையில் இறங்கி ஏழு மணி நேரம் காரில் வருவாய். பிள்ளையோட லீவுல ஒரு நாளை பிளேன்காரன் தின்னுபுடுறான் என்று அம்மா ஒவ்வொரு தடவையும் திட்டுவாள். நான்தான் அவர்கள் உனக்குக் கொடுத்த கோல்டு கார்டைப் பற்றிக் கடைத்தெருவெல்லாம் பெருமையடித்தேன். பாயிண்ட் சேர்ந்ததும் எங்களை மக்காவுக்கு உம்ரா செய்யக் கூட்டிப்போவதாகச் சொன்னாய். சேர்ந்தபோது டிக்கெட்டுக்கு வேண்டிய பாயிண்ட்டை ஏற்றினார்கள், அதையும் எட்டினாய், மறுபடி ஏற்றினார்கள், பழையதில் பாதி காலாவதி என்றார்கள். முப்பது வருஷம் மளிகைக் கடை நடத்தியவன் நான். வாடிக்கையாக வருகிறவர்களுக்கு ஒரு பிடி கறிவேப்பிலை சும்மா போடுவேன், அதற்குத் தேதி குறித்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை அம்மா மயங்கி விழுந்ததும் நீ போனில், சாயங்காலம் திருச்சிக்கு நேர் பிளேன்ல சீட் இருக்கு, எடுக்கவா அத்தா என்று கேட்டாய். சும்மா தலைசுத்தல்தான், எதுக்குக் காச விடுறே, ஒன் கம்பெனி பிளைட்லயே பாயிண்ட்டப் போட்டு வா என்றேன். கோல்டு கார்டு வச்சிருக்கவனுக்கு சீட் இல்லாமப் போகுமா என்றவனும் நான்தான். நீ வெயிட்டிங் லிஸ்டில் கிடந்தாய். அன்று சாயங்காலம் அம்மா இரண்டு தடவை சல்மான் எங்கே என்று கேட்டாள், பிளேன் ஏறிட்டான் என்று பொய் சொன்னேன். மறுநாள் காலைதான் உனக்கு சீட் கிடைத்தது, பத்து மணிக்கு அவள் போய்விட்டாள். நேர் பிளேனில் வந்திருந்தால் அப்போது பக்கத்தில் இருந்திருப்பாய். அசர் தொழுகை வரைக்கும் மையத்தை அடக்காமல் வைத்திருந்தேன், அதற்கு மேல் ஜமாஅத்தார் சம்மதிக்கவில்லை. நீ வந்து சேர்ந்தபோது மண் போட்டு இரண்டு மணி நேரம். பாயிண்ட்டுக்கு ஆசைப்பட்டு இப்படிப் பண்ணிட்டியே என்று ஷமீமா கத்தினாள். நீ தலையைக் குனிந்துகொண்டாய், என் பேரை இழுக்கவே இல்லை. நானும் வாய் திறக்காமல் உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை, சோற்றை மட்டும் வைத்துவிட்டுப் போகிறாள். பேசாமல் இருக்கட்டும். தப்பு என்னுடையது, அதை நீ சுமக்காதே.

வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு ஸலாமத்தையும் நீண்ட ஆயுளையும் தரட்டும். மிச்சப் பாயிண்ட்டும் டிசம்பரோடு போய்விடும் என்றாயாம், போனால் போகட்டும். எனக்குச் சர்க்கரை கூடிவிட்டது, கால் புண் ஆறவில்லை. நான் இருக்கும்போதே ஒரு தடவை வந்துவிட்டுப் போ. என்றைக்காவது ஷமீமாவிடமிருந்து போன் வந்தால் என்னிடம் யோசனை கேட்காதே, நான் வேண்டாம் என்றாலும் கேட்காதே. எந்தப் பிளேனில் முதலில் சீட் இருக்கிறதோ அதில் ஏறிவிடு.

உன் அத்தா,
ஜெகபர் சாதிக்