கமறாத மிளகாய்

ஏப்ரல் 3, வியாழன்

காலையிலேயே வெயில். ரப்பர் மரங்களில் புது இலை. பரணிலிருந்து ரமோன் தந்த துணிப்பையை இறக்கினேன். ரமோன் கப்பலில் எஞ்சின் ரூம்காரன், ஊர் மெக்சிகோ. நான் அதே கப்பலில் குக். ஞாயிறுதோறும் என் அடுப்படியில் நின்று அவன் ஊர் சல்சா அரைப்பான். நம் கணக்கில் துவையல். நான் லீவில் இறங்கும்போது கையில் திணித்த பை. இதுவரை பிரிக்கவில்லை.

உள்ளே:
ஆஞ்சோ – கறுப்பு, உள்ளங்கை அகலம். எரிவு கிடையாது.
அர்போல் – மெல்லிசு, நம் வத்தல் மாதிரி.
சிப்போட்லே – புகையில் வாட்டியது.
ஹபனேரோ – சின்னது. ரமோனே பயப்படுவான்.

முகர்ந்தேன். ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்து போய் ஆறு மாதம், மூக்கு மட்டும் திரும்பவில்லை. நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு தெரியும், அவ்வளவுதான். மீன்குழம்பு என்றால் புளித்த உப்புத் தண்ணீர். மனைவி மேபல் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மதியம் ஏஜென்சி போன். அடுத்த கப்பல் ரெடி, பத்தாம் தேதிக்குள் பதில் வேண்டுமாம். "சொல்லுதேன் சார்" என்றேன். மூக்கைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

புழுக்கம். தக்காளி, வெங்காயம், பூண்டு, தோசைக்கல்லில் தோல் கருகும்வரை. அர்போல் நாலு, வறுத்து. அம்மியில் ஒன்றிரண்டாக அரைப்பு. வறுக்கும்போது மேபல் இருமிக்கொண்டே வெளியே ஓடினாள். எனக்கும் தொண்டை கமறியது. மணம் மட்டும் இல்லை.

ஒரு துளி நாக்கில். சட்டென்று நுனியில் தீ. எரிவுக்கு மூக்கு வேண்டாம் போலிருக்கிறது. வீட்டுக் குழம்பிலும் எரிவு உண்டுதான், இப்படி நின்று கவனித்ததில்லை. கண்ணில் தண்ணீர். எல்லாம் மிளகாயால் அல்ல.

ஏப்ரல் 5, சனி

பின்னால் காந்தாரி மிளகாய் குலுங்கக் காய்த்திருக்கிறது. இன்று மூன்று கிண்ணம்:
காந்தாரி + பச்சை மாங்காய்.
ஹபனேரோ + சுட்ட கொல்லாம்பழம் (முந்திரிக்கொட்டை காய்க்குமே, அந்தப் பழம்).
சிப்போட்லே + வறுத்த சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை) + நெத்தோலிக் கருவாடு, தேங்காய் எண்ணெயில். ரமோன் பார்த்தால் சிலுவை போடுவான்.

மேபல்: "கொல்லாம்பழத்தச் சுட்ட ஆளு இந்த ஊர்ல நீங்க ஒராளுதான்."

காந்தாரி குத்திவிட்டு ஓடிவிடுகிறது. சிப்போட்லே உதட்டில் மெதுவாகப் படர்கிறது. ஹபனேரோ பத்து எண்ணும்வரை சும்மா இருக்கிறது. பிறகு தொண்டைக்குப் பின்னால் பிடித்து, காது வரை ஏறி, இறங்க மனமே இல்லை. இருபது வருடம் அடுப்படியில் நின்றவன், காரம் என்றால் ஒரே காரம் என்று நினைத்திருந்தேன். பிரமிப்பாக இருக்கிறது. வெட்கமாகவும்.

ரமோன் சொல்வான்: மிளகாய் எங்கள் பக்கத்துப் பிள்ளை. தக்காளி, கொல்லாமரம், மரச்சீனிக் கிழங்கு, எல்லாம் அந்தக் கடல் தாண்டி வந்தவையாம். மரச்சீனிக்கும் காந்தாரிக்கும் முன்னால் இங்கே என்னதான் தின்றார்கள்? நினைத்தால் தலை சுற்றுகிறது.

சாயங்காலம் மதிலுக்கு மேலே அடுத்த வீட்டு லீலா. இருமல்.
"அக்கா, அண்ணனுக்கு முளவு சுத்திப் போட்டியளா?" கண் திருஷ்டிக்கு மிளகாய் சுற்றித் தீயில் போடுவதைக் கேட்கிறாள்.
மேபல் முகம் சிவந்தது. "நாங்க அதொண்ணும் செய்ய மாட்டோம் லீலா. இது துவையலு."
"எதுக்கானாலும் கமறிட்டுல்லா, நல்லதுதான். தீயில போட்டும் கமறல்லண்ணாத்தான் பயப்படணும். கண்ணேறு உண்டுண்ணு அர்த்தம்."

ஏப்ரல் 6, ஞாயிறு

லெந்து, தவக்காலம். ஆராதனை நீளம். வாசலில் இரண்டு பேர் மேபலிடம் மிளகாய்ப் புகை விசாரித்தார்களாம். அவள் மாதர் சங்கச் செயலாளர். வீட்டுக்கு வந்ததும் பைபிளை மேசையில் வைத்தாள். பிறகு: "நாலு பேரு கேக்குதாவ. இனி நான் எந்த முகத்தோட ஜெபம் சொல்லிக் குடுக்க?" சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

மாலை, அடுப்பில் பால். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் வாசிப்பு. மேபல் ஓடிவந்தபோது பாத்திரம் கரி. வீடு முழுக்கப் புகை நாற்றமாம். கப்பலில் இருபத்திரண்டு பேர் என் கையை நம்பித் தின்பார்கள். பயம். இன்றைக்குத்தான் உண்மையான பயம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பரிசோதனை. கண்ணைத் துணியால் கட்டச் சொன்னேன். நான்கு கிண்ணம், மாற்றி மாற்றி ஊட்டினாள். எரியும் இடத்தை வைத்து நாலையும் சொல்லிவிட்டேன். ஆஞ்சோ எரியாது, அதனால் பையிலேயே கிடக்கிறது.
"பாத்தியா? மூக்கு இல்லாட்டாலும் நான் குக்குதான்."
மேபல் கட்டை அவிழ்த்தாள். "பாலு கருகினா?"
நான் கிண்ணங்களை அடுக்கினேன்.

ஏப்ரல் 9, புதன்

மூட்டம். சோறு, மோர். மதியம் படுத்தேன்.

விழிப்பு வந்தது. சத்தம் இல்லை, யாரும் கூப்பிடவில்லை. ஏதோ ஒன்று. என்னவென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கிடந்தேன். பிறகு தெரிந்தது. எழுந்து ஓடினேன்.

பின்கட்டில் விறகடுப்பு. முன்னால் மேபல், தலையில் முக்காடு. கனலில் கல்லுப்பும் மூன்று ஆஞ்சோவும். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க உறங்கும்போ சுத்தினேன். கர்த்தரு மன்னிக்கட்டு." கனலைக் காட்டினாள். "இருக்கதுல பெரிய முளவாப் பாத்துத்தான் எடுத்தேன். கமறவே இல்ல. லீலா சொன்னது சரிதான்."

"மேபல், மணக்குது."

"சும்மா சொல்லாதீங்க. கமறல்லண்ணு நான் சொல்லுதேன்."

"கமறல்ல. மணக்குது. கிறிஸ்மஸ் கேக்குக்கு நீ ஊறப் போடுவியே உணக்கத் திராட்ச, அது."

என்னையே பார்த்தாள். பிறகு அடுப்பின் மேல் குனிந்து மூச்சை இழுத்தாள்.

"ஆமா" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும்.

நாளை பத்து. போன் செய்யும் முன் அடுப்பில் பால் வைத்து, கருகவிட்டு, பக்கத்தில் உட்காரவேண்டும்.