காளான் தொடாத விருந்தாளி

ஏப்ரல் 6, ஞாயிறு

கென்யாவின் மொம்பாசாவிலிருந்து மகள் ப்ராசி வந்துவிட்டாள், கூடவே ஒருவனையும் கூட்டிக்கொண்டு. பெயர் டியோ. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கட்டினால் இவனைத்தான் என்கிறாள். ஒரு வாரம் இங்கே மசாக்காவில், நம் வீட்டில்தான்.

என் நாத்தனார் கெவினா கேட்ட முதல் கேள்வி: என்ன குலம்? அவனுக்குத் தெரியவில்லை. அப்பா நம் பக்கத்து ஆள், லாரி டிரைவர். இவனுடைய ஆறு வயதில் இறந்துபோனார். அம்மா கென்யாக்காரி, அவளும் இல்லை.

கெவினா என்னைத் தனியே இழுத்தாள். "அண்ணி, இவனும் நம்ம குலமா இருந்துட்டா? அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணம் பண்ணி வைப்பீங்களா?"

அத்தைக்காரி தலையாட்டாமல் இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது? ப்ராசி இரவு சாப்பிடவில்லை.

ஏப்ரல் 7

வாழைக்காயை இலையில் கட்டி அவித்து மசித்தேன், வேர்க்கடலைக் குழம்பு வைத்தேன். இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். பிறகு அடுப்படிக்கே வந்து தேங்காய் துருவி, அவன் ஊர்ச் சோறு ஆக்கிக் காட்டினான். ஆண்பிள்ளை அடுப்படியில்! கெவினா பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது. சொல்லிவிட்டேன், போ.

ஏப்ரல் 8

மழை. நாள் முழுக்க அடுப்படியில் அவனோடு வாயாடினேன். குலத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 10

சந்தையில் புற்றுக்காளான் வந்திருந்தது, பொடிப்பொடியாக, வெள்ளையாக. அடித்துப் பிடித்து வாங்கினேன். கடலை அரைத்து ஊற்றி, வாழையிலையில் பொதிந்து மூன்று மணி நேரம் ஆவியில் வைத்தேன். என் கைப்பக்குவத்திலேயே உசத்தி அதுதான். பொதியைப் பிரித்ததும் கையை இழுத்துக்கொண்டான். வேண்டாமாம்.

எனக்குச் சுர்ரென்றது. இவ்வளவு பாடுபட்டு — வேண்டாமா? ஏன் என்று கேட்டேன், கொஞ்சம் கடுப்பாகவே.

"அம்மா ஒரு தடவை காளான் வாங்கிட்டு வந்தாங்க. அப்பா சட்டியோட கொண்டுபோய் வெளியில வச்சாரு. 'இது நாம திங்கறதில்லடா'ன்னாரு. ஏன்னு தெரியாதும்மா. அவரு சொன்னதுல எனக்கு ஞாபகம் இருக்கறது அது ஒண்ணுதான்."

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. என்ன மக்கு நான்! இந்த வீட்டில் மாம்பா மீனை ஏன் சட்டியில் ஏற்றுவதில்லை? என் வீட்டுக்காரர் மாம்பா குலம், பிள்ளைகளும் அதே. தன் குலத்தின் பெயர் கொண்டதை எவன் தின்பான்? இவன் காளான் குலம்! வேறு குலம்!

அப்போதே கெவினாவுக்குப் போன் போட்டேன். அவன் அப்பா சொன்னதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "விசாரிக்கிறேன்" என்றாள்.

மே 3

விசாரித்துவிட்டாள். காளான் குலத்துப் பெரியவர் ஒருவருக்கு லாரி ஓட்டிய தம்பி இருந்தானாம், கென்யா போனவன் திரும்பவேயில்லை. டியோவைப் பார்த்ததும் அவன் காதைத் தடவித் தடவி அழுதாராம். தம்பியின் காது அப்படியே இருக்கிறதாம்.

ஜூலை 19, சனி

சடங்கு முடிந்தது. கெவினாதான் முன்னால் நின்று, இவன்தான் மாப்பிள்ளை என்று அத்தனை பேருக்கும் காட்டினாள்.

இனி அவன் எனக்கு மருமகன். நம் வழக்கப்படி அவன் கையை நான் தொடக் கூடாது, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, எதிரே வரவும் கூடாது. எல்லாம் தெரிந்துதானே ஆசைப்பட்டேன்? ஆனாலும் என்னவோ போல் இருக்கிறது.

மதியம் கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். ப்ராசி தட்டோடு போய் வந்தாள். அவன் குரல் மட்டும் கேட்டது, வேண்டுமென்றே சத்தமாக: "உங்கம்மாகிட்ட சொல்லு, குழம்பு இன்னும் கொஞ்சம் வேணும்னு."

சட்டியில் இருந்ததை முழுக்க ஊற்றிக் கொடுத்தனுப்பினேன்.