உங்கள் காரை விற்றுவிட்டேன்

வாசலில் கால் துடைக்கப் போட்டிருக்கும் சாக்கு இந்த வருஷத்து முதல் மழையில் நனைந்துவிட்டது. இன்று காலை அதை எடுத்து உதறியபோது குப்பென்று ஒரு நாற்றம். உடனே உங்கள் கார்தான் ஞாபகம் வந்தது. செத்துப்போன புருஷனை நினைக்க மற்றவர்களுக்கு மல்லிகைப் பூ, அத்தர் என்று ஏதாவது வாய்க்கும். எனக்கு வாய்த்தது நனைந்த சாக்கு.

அந்தக் காரைப் போன மாதம் விற்றுவிட்டேன். கோபப்படாதீர்கள். முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

சாத்தமுக்கும் பாம்பூஃப்ளாட்டுக்கும் நடுவில் நாள் முழுக்க ஃபெர்ரி ஓட்டியவர் நீங்கள். ஜனங்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போவது, இந்தக் கரைக்குத் திரும்புவது, செக்கு மாட்டு வேகம். அப்படிப்பட்ட மனிதருக்கு ஐம்பது வயதுக்கு மேல் வேகத்தின் மீது ஆசை வந்தது. ராத்திரி சாப்பிட்டதும் போனில் ஏதோ காரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். "இதுக்குப் பேரு ஹாட் ஹேட்ச். பாக்க மார்க்கெட்டுக்குப் போற சின்னக் காரு மாதிரிதான் இருக்கும். மிதிச்சா பறக்கும்."

"பறந்து எங்க போவீங்க? சிடியா டாப்பு போனா ரோடு முடிஞ்சிரும். அதுக்கு மேல கடலு."

"முடியுற வரைக்கும் நல்லாப் போவும்ல."

மாடியில் ஒரு அறை கட்ட வைத்திருந்த பணம் சென்னையில் யாரோ ஒரு புரோக்கருக்குப் போனது. கார் கப்பலில் வந்தது.

ஹாடோ வார்ஃபில் அது இறங்கிய அன்று உங்கள் ஃபெர்ரி ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நம் தீவில் பழைய வண்டி வாங்குகிறவன் முதலில் குனிவான். இன்ஜினைக்கூட அப்புறம்தான் பார்ப்பான். உப்புக் காற்று அடிவயிற்றைத் தின்றிருக்கிறதா என்பதுதான் இங்கே முதல் கேள்வி. நீங்களும் சட்டை அழுக்காவதைப் பொருட்படுத்தாமல் தரையில் மல்லாந்து உள்ளே போய் டார்ச் அடித்தீர்கள். "ஒரு பொட்டு துரு இல்ல! மெயின்லேண்ட் வண்டின்னா மெயின்லேண்ட் வண்டிதாம்ல!" என்ற சத்தம் காருக்கு அடியிலிருந்து வந்தது. உங்கள் ஆட்களும் வரிசையாகக் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்கள். கதவைத் திறந்து உள்ளே மோந்து பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

முதல் மழைக்குத்தான் விஷயம் தெரிந்தது. கண்ணாடியை ஏற்றியதும் நாற்றம் தாங்கவில்லை. நான் கருவாட்டுப் பையை வைத்துக் கெடுத்துவிட்டேன் என்று ஒரு வாரம் என்னோடு சண்டை பிடித்தீர்கள். கடைசியில் பத்துபஸ்தியில் வங்காளி மெக்கானிக் தாதாவிடம் போனோம். தாதா சீட்டைக் கழற்றி, கீழே விரித்திருந்த கம்பளத்தை உரித்தார். அடியில் சந்தனம் போல மெல்லிய சேறு காய்ந்து கிடந்தது. "பாபி, யே தோ டூபா ஹுவா காடி ஹை" என்றார். அண்ணி, இது முங்கின வண்டி. எங்கேயோ மழை வெள்ளத்தில் முங்கிக் கிடந்த வண்டியைக் கழுவித் துடைத்து நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஆர்ட்டயும் சொல்லிராத. காலம்பூரா தண்ணியில கெடக்கவன் தண்ணியிலயே ஏமாந்தாம்னு சிரிப்பானுவ. மானம் போயிரும்."

நான் சொல்லவில்லை. ஓட்டை வாய் என்று பேர் எடுத்தவள், அக்காவிடம்கூட மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண்கள் கூடிப் பேசுகிற இடத்தில் யாராவது கார் பேச்சை எடுத்தால் நான் மழையைப் பற்றிப் பேசுவேன், மழையிலிருந்து பேச்சு வெள்ளத்துக்குப் போனால் மீன் விலைக்குத் தாவுவேன்.

பிறகு அந்தக் காருக்கு நாம் போட்ட தீனி இருக்கிறதே! டவுனுக்குள் இரண்டாவது கியரில் ஊர்ந்தே பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. அதன் டயர் தோசை மாதிரி மெலிசு. டாலிகஞ்ச் பள்ளம் ஒன்றில் இறங்கியதும் வெடித்தது. அந்த அளவு டயர் இங்கே எந்தக் கடையிலும் கிடையாது, கப்பலில்தான் வர வேண்டும். கடல் சரியில்லாமல் கப்பல் தள்ளிப்போக, கார் வாசலில் ஜாக்கி மேல் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. வெள்ளத்துத் தண்ணீர் வயர்களுக்குள் போயிருந்ததால் ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரியாத நாள் இல்லை. "யானையக் கட்டித் தீனி போடுறீங்க" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிடியா டாப்பு ரோட்டில் ஆள் இல்லாத அந்த ஒரு நேர்கோட்டில் நீங்கள் மிதிக்கும்போது வயிற்றுக்குள் ஜிவ்வென்று ஏறுமே, அது எனக்கும் பிடித்திருந்தது. உங்களிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நெஞ்சு வலி என்று படுத்தீர்கள், இரண்டே நாளில் போய்விட்டீர்கள். சர்க்கரை, பிரஷர், பீடி என்று டாக்டர் காரணம் சொன்னார். என் மனசு கேட்கவில்லை. ஏமாந்துவிட்டோம் என்கிற நினைப்பு உங்களை உள்ளுக்குள் அரித்திருக்கும், வெளியே சொல்ல முடியாத அவமானம்தான் நெஞ்சை அடைத்திருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அந்தக் காரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. விற்கவும் கை வரவில்லை. விற்றாலும் இந்த ஊரில் அது எங்கே போய்விடும்? காய் வாங்கப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் எதிரே வரும். அதில் உங்கள் இடத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்திருப்பார். தார்ப்பாயைப் போட்டு மூடினேன்.

தாதா ஒருநாள் வந்து பார்த்தார். வழக்கம்போல முதலில் குனிந்தார். எழுந்தபோது விரலில் செம்பொடி. "ஜங் லக் கயா, பாபி" என்றார். துரு பிடித்துவிட்டது. நீங்கள் ஊரெல்லாம் பெருமை அடித்த அந்த அடிவயிறு, நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே அரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

வந்தவர் பாம்பூஃப்ளாட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் யூசுப் பாய். தினமும் உங்கள் ஃபெர்ரியில் வந்து போனவர்தான். முட்டி வலியோடு மெல்லக் குனிந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் போட்ட கட்டளையை மீறப் போகிறேன் என்று தெரியும். ஆனாலும் உங்களை ஏமாற்றியதைப் போல நான் இன்னொருத்தரை ஏமாற்ற மாட்டேன்.

"பாய், கீழ அப்புறம் பாருங்க. மொதல்ல கதவத் தொறந்து மோந்து பாருங்க."

பாய் நிமிர்ந்தார். "வெள்ளத்துல முங்குன வண்டிதானே? மாலூம் ஹை தங்கச்சி. பூரா ஃபெர்ரிக்கும் தெரியும்."

"யாரு சொன்னா? தாதாவா?"

"உங்க வீட்டுக்காரருதான். மழ வந்தாப் போதும், கரையில வண்டிங்க ஏறிட்டிருக்கும்போது ஆரம்பிச்சிடுவாரு. கீழ படுத்து டார்ச் அடிச்சத நடிச்சே காட்டுவாரு. 'உப்புத் தண்ணிக்குப் பயந்தவன் நல்ல தண்ணியில ஏமாந்தேன்'னு சொல்லிட்டு, எல்லாருக்கும் முந்தி அவருதான் சிரிப்பாரு."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். பாய் கொஞ்சம் தயங்கிவிட்டு மிச்சத்தையும் சொன்னார்.

"ஒரு கண்டிஷன் போட்டிருந்தாரு. உங்ககிட்ட மட்டும் யாரும் மூச்சு விடக் கூடாது. 'அவ எனக்காக வாயக் கட்டிட்டுக் கெடக்கா. அவளுக்கு அது எம்புட்டுக் கஷ்டம்னு எனக்குத்தான் தெரியும். ஊருக்கே தெரியும்னு சொல்லி அவ மனச ஒடச்சிராதீங்க'ன்னாரு."

அழுதேன். பாய் பயந்து தண்ணீர் கேட்டு உள்ளே குரல் கொடுத்தார், வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது தெரியாமல். எனக்கு அது துக்கம் இல்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அந்தக் கார் உங்களை அரிக்கவில்லை. நீங்கள் அதை வைத்துச் சிரித்திருக்கிறீர்கள். இது ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல்தான் இத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன். சாவியை எடுத்துக் கொடுத்தேன். டயர் எங்கே சொல்லி வைக்க வேண்டும், மஞ்சள் விளக்கை எப்போது கண்டுகொள்ள வேண்டாம் என்று நீங்கள் சொல்வதைப் போலவே சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு கார் இரண்டு மூன்று தடவை எதிரே வந்தது. பாய் அதை மாட்டு வண்டி மாதிரி ஓட்டுகிறார். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

நேற்று பாம்பூஃப்ளாட் போக ஃபெர்ரி ஏறினேன். உங்களுக்குத் தெரிந்த அதே முகங்கள்தான். மீன் கூடையோடு இருந்த கிரேசி முகத்தைப் பச்சைப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு கேட்டாள்: "கார வித்துட்டியளாக்கா? நல்ல வண்டியாச்சே."

"ஆமா, நல்ல வண்டிதான்" என்றேன். "வெள்ளத்துல முங்குன வண்டி."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கிரேசியால் அடக்க முடியவில்லை, அவளைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளால் முடியவில்லை, அப்புறம் ஃபெர்ரியே சிரித்தது. எனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்து வைத்திருந்த சிரிப்பு. நானும் சேர்ந்து சிரித்தேன், கரை வரும் வரைக்கும். இறங்கும்போது அந்தச் சிரிப்பை அங்கே விட்டுவிட்டு வரவில்லை.